சிங்கக் கூட்டணியைத் தேட எது தோது: சாபி சாண்டா, க்ரூகரா, மாராவா?

சிங்கம் பார்ப்பது வேறு, சேர்ந்து இயங்கும் ஆண் சிங்கங்களின் கூட்டணி ஒன்றைத் தேடிப் பிடிப்பது வேறு. சின்னக் குட்டிகள் வைத்திருக்கும் பெண் சிங்கங்கள் ஓர் ஓடையையோ புதரையோ விட்டு அதிகம் விலகாது. இடம் தெரிந்த டிரைவர் கிடைத்தால் போதும். ஆண்களோ இரவெல்லாம் எல்லையைச் சுற்றும். புதரில் சிறுநீர் பீய்ச்சும், பின்கால்களால் மண்ணைப் பிறாண்டும், நின்று கர்ஜிக்கும், மறுபடி நடக்கும். வெயில் ஏறியதும் நிழலில் விழுந்தால் பெரும்பாலும் மாலைவரை எழாது. எனவே எந்தக் காட்டுக்குப் போவது என்று தீர்மானிக்க விடுதியின் படங்களைப் புரட்டுவதைவிட ஒரு கேள்வி உதவும்: விடிவதற்குச் சற்று முன்பிருந்து காலை எட்டு மணிவரை அங்கே உங்களால் என்ன செய்ய முடியும்?

தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் இந்தக் கேள்விக்கு ஆகச் சிறந்த பதில். ஏறத்தாழ 65,000 ஹெக்டேர் தனியார் காடு. பக்கத்திலுள்ள க்ரூகர் தேசியப் பூங்காவுடன் இருந்த வேலி 1993-இல் அகற்றப்பட்டதால் சிங்கங்கள் இரண்டுக்கும் இடையில் தாராளமாகப் போய்வருகின்றன. ஆறு ஆண்களோடு 2006-இல் கிளம்பிய மபோகோ கூட்டணி ஆட்சி செய்தது இங்கேதான். 2010-இல் அதன் உறுப்பினர் ஒன்றைக் கொன்றது மஜிங்கிலானே என்ற இன்னொரு கூட்டணி.

இங்கே டிராக்கர், அதாவது தடம் தேடுபவர், வண்டியின் முன்முனையில் தனி இருக்கையில் உட்கார்ந்து மண்ணைப் படிக்கிறார். ஆண் சிங்கத்தின் முன்கால் தடம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுடையது 11 அளவில் நின்றுவிடும். நகம் பதியாது, உள்ளங்கால் மேட்டின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு தெரியும். கழுதைப்புலித் தடத்தில் நகம் பதிந்திருக்கும், மேடு ஒருபக்கம் சாய்ந்திருக்கும். தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருந்தால்தான் நிழல் விழுந்து விளிம்பு தெளியும். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்குப் பாதித் தடம் கண்ணிலேயே படாது.

தடத்தின் வயதைக் கணிப்பதுதான் கைதேர்ந்த வேலை. தடத்தின்மேல் பனித்துளிகள் சொட்டிய குழிகள் இருந்தால் அது நள்ளிரவுச் சரக்கு. பனி படர்ந்த புல்லில் கலைந்த கோடாகத் தெரிந்தால் சிங்கம் இப்போதுதான் போயிருக்கிறது. தடத்தின் குறுக்கே வண்டோ எலியோ ஓடிய சுவடு இருந்தாலும் பழசு. முந்தின மாலை மழை பெய்திருந்தால் கணக்கே வேண்டாம்: இருப்பதெல்லாம் புதுசு.

புதுத் தடம் புதருக்குள் இறங்கினால் உடனே பின்தொடர்வதில்லை. அந்தக் கட்டத்தைச் சுற்றியுள்ள நான்கு சாலைகளிலும் வண்டியை ஓட்டி, வெளியேறிய தடம் உண்டா என்று பார்ப்பார்கள். உண்டென்றால் நடுவில் கிடக்கும் காட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போகலாம்; அரைமணி மிச்சம். இல்லையென்றால் சிங்கம் உள்ளேதான். அப்போது டிராக்கர் இறங்கி நடப்பார், விருந்தினர் வண்டியிலேயே இருப்பார்கள். பார்த்தபின் சாலையை விட்டு விலகியும் வண்டியை அருகில் கொண்டுபோகலாம். ஒரு சிங்கத்தருகே இரண்டு மூன்று வண்டிகளுக்குமேல் விடுவதில்லை.

கெடுவது எங்கே? முதலாவது, எண்ணிக்கை. ஆண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் நடக்கும்போது தடம்மேல் தடம் விழும். மூன்று சிங்கம் ஒன்றாகத் தெரியும். அவை பக்கவாட்டில் விரிந்து நடந்த இடம் வரும்வரை எண்ணக்கூடாது. இரண்டாவது, நிலத்தின் எல்லை. சாபி சாண்ட் பல உரிமையாளர்களின் நிலங்கள் சேர்ந்தது. சிங்கம் பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டால், அங்கே நுழைய ஒப்பந்தம் இல்லாத விடுதியின் வண்டி எல்லையில் நின்றுவிடும். ஆண்கள் ஒரே இரவில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடக்கக்கூடியவை. ஆகவே அறை பதிவு செய்யும்போது கேட்க வேண்டியது நீச்சல் குளத்தைப் பற்றியல்ல. எத்தனை ஹெக்டேரில் உங்கள் வண்டி போகலாம் என்பதை.

க்ரூகரில் சொந்தமாக வண்டி ஓட்டிப் போவது செலவில் இதன் சிறு பங்குதான். ஆனால் விதிகள் டிராக்கரின் வேலையையே பிடுங்கிவிடுகின்றன: குறித்த இடங்கள் தவிர வண்டியை விட்டு இறங்கக்கூடாது, சாலையை விட்டு விலகக்கூடாது, வேகம் தாரில் 50, மண்ணில் 40. நவம்பர் முதல் ஜனவரி வரை பூங்காவுக்குள் உள்ள தங்கும் முகாமின் கதவு காலை 4.30-க்குத் திறக்கும், பூங்காவின் வெளிவாயில் 5.30-க்கு. வெளியே தங்கிச் சிக்கனம் செய்கிறவர் இழப்பது அந்த ஒரு மணி நேரத்தை, அதாவது இந்த வேலைக்குத் தேவையான நேரத்தையே.

மிஞ்சுவது காது. குளிர்ந்த, காற்றில்லாத விடியலில் கர்ஜனை எட்டு கிலோமீட்டர் வரைகூடக் கேட்கும். முகாமில் நாலு மணிக்கு எழுந்து, கேட்ட திசையைப் போனின் திசைகாட்டியில் பாகையாகக் குறியுங்கள், நேரத்தோடு. கதவு திறந்ததும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போய் எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இன்னொரு திசை எடுத்து, வரைபடத்தில் இரண்டு கோடும் வெட்டுமிடத்தைப் பாருங்கள். ஐந்து பாகை பிசகினால் நான்கு கிலோமீட்டர் தூரத்தில் 350 மீட்டர் தவறும். சிங்கம் நடப்பது மணிக்கு நான்கு கிலோமீட்டர் அளவில் என்பதால், முக்கால் மணி பழைய கர்ஜனை மூன்று கிலோமீட்டர் பொய் சொல்லும். தேட வேண்டியது கர்ஜித்த இடத்தை அல்ல, அங்கிருந்து அது எட்டக்கூடிய அடுத்த சாலையை. சடாரா முகாமைச் சுற்றியுள்ள புல்வெளிகள் இதற்கு ஏற்றவை. எஸ்-100 மண்சாலை சிங்கத்துக்குப் பேர்போனது.

இந்த வழிக்கு ஓர் ஓட்டை உண்டு. எல்லை இல்லாமல் அலையும் இளம் கூட்டணி அடுத்தவர் நிலத்தில் வாயைத் திறப்பது அரிது. புதிதாக நுழையும் ஆண்களைக் காதால் தேடினால் ஏமாற்றமே. அதற்குச் சாபி சாண்டின் மண்தான் கதி.

கென்யாவின் மாசாய் மாரா வேறு வகை: திறந்த புல்வெளி, 1,510 சதுர கிலோமீட்டர். முழங்கால் உயரப் புல்லுக்கு அடியில் தடம் தேடிப் பயனில்லை, மேட்டில் வண்டியை நிறுத்திப் பைனாகுலரால் துழாவ வேண்டியதுதான். கரையான் புற்றின் மேலே, வறண்ட ஓடையோரப் புதர் நிழலில், புல்லுக்கு மேலே இரண்டு காது. எட்டு ஒன்பது மணிக்கு வெப்பக்காற்று கிளம்பியதும் பாறுக் கழுகுகளையும் கவனிக்கலாம்: மரத்தில் உட்கார்ந்தபடி கீழே இறங்காமல் இருந்தால் இரையருகில் யாரோ இருக்கிறார்கள், தரையில் மொய்த்தால் சிங்கம் கிளம்பிவிட்டது. ஸ்கார்ஃபேஸ் என்று உலகமே அறிந்த, 2021 ஜூனில் இறந்த ஆண் சிங்கமும் அதன் மூன்று கூட்டாளிகளும் இந்த வெளியில்தான் சுற்றின.

ஆனால் ரிசர்வுக்குள் சாலையை விட்டு விலகத் தடை, நேரம் ஆறு முதல் ஆறு. வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 2024 முதல் ஜனவரி–ஜூனில் 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200. ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டி என்பது விதி. ஆகஸ்டில் டிரைவர்களின் ரேடியோவில் ஒரு குரல் எழுந்தால் விதி காற்றில் போகும். ரேடியோ காட்டித்தருவது பெரும்பாலும் தூங்கும் சிங்கத்தைத்தான். ரிசர்வை ஒட்டியுள்ள நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகளில், அதாவது தனி நிர்வாகமுள்ள பாதுகாப்புப் பகுதிகளில், தங்கினால் சாலை விலகவும் இரவில் ஓட்டவும் அனுமதி உண்டு. மாராவுக்குப் போகிறவர் அங்கே தங்குவதே மேல்.

கண்டது எந்தக் கூட்டணி என்பதை உறுதி செய்யப் பிடரியை நம்ப வேண்டாம், அது வயதோடு மாறும். மீசைப் புள்ளிகளின் மேல்வரிசை மாறாது. முகத்தின் இரு பக்கமும் 300 எம்எம்-க்குக் குறையாத லென்ஸில் எடுத்து, காதுக் கிழிசலோடு ஒப்பிடுங்கள்.

கூட்டணி என்றால் எந்நேரமும் ஒரே மேடையில் இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. ஒன்று பெண்ணோடு சேர்ந்து மூன்று நான்கு நாள் தனியே கிடக்கும், மற்றவை எல்லைக்குப் போய்விடும். தனியாக ஓர் ஆண் கிடைத்தால் விட்டுப் போகாமல் பொழுது சாயும்வரை அருகிலேயே இருங்கள். எழுந்து, சோம்பல் முறித்து, கர்ஜிக்கும். பதில் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அங்கே மற்றவை. சாபி சாண்டிலும் கன்சர்வன்சியிலும் விளக்கோடு அந்தத் திசையில் கிளம்பலாம். க்ரூகரிலும் மாரா ரிசர்விலும் அந்நேரம் நீங்கள் வாயிலை நோக்கி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.