மூணாறு பழைய ரயில் பாதைச் சுற்றுலா: ரயிலுக்கு முழு மதிப்பெண், மற்றதற்குப் பாதி

மூணாறில் 1924 வரை ஓடிய ரயிலின் தடத்தை ஜீப்பிலும் நடந்தும் காட்டும் ஒருநாள் சுற்றுலா இது. நடத்துபவர்கள் உள்ளூர் இளைஞர்கள். நான் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். எங்கள் கதையை அடுத்தவர் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கும் ஆசையில் பணம் கட்டினேன்.

ரயில் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1902இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் சிறு சக்கரம் அதன்மேல் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில் உருளும், இழுப்பவை காளைகள். 1908இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் நீராவி ரயில் விட்டார்கள். மாட்டுப்பட்டி, பாலாறு வழியாகத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் சேரும். 1924 ஆடி வெள்ளம் பாதையை அள்ளிக்கொண்டு போன பிறகு யாரும் திரும்பப் போடவில்லை. வழிகாட்டித் தம்பி பழைய படங்களை வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு இறக்கிக் காட்டினார். டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்று தேனிப் பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தால், கம்பிவடம் எதற்கு என்று கேட்கவே தோன்றாது.

ஊர் உண்டான கதைக்கு வரும்போதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. 1877இல் மன்றோ துரை பூஞ்சார் அரசரிடம் மலையைக் குத்தகைக்கு வாங்கினார் என்று ஆரம்பிக்கிறார். அதற்கு முன் ஆளே இல்லாத காடாம். இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள் எங்கே போனார்கள்? பக்கத்து மறையூரில் பழங்கால மக்கள் கல் பலகைகளால் கட்டிய ஈமக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றனவே! அடுத்து, 1880இல் ஷார்ப் துரை பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார் என்றார். “துரையா தம்பி மண்வெட்டி பிடித்தார்?” என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார், பாவம்.

காலராவில் 1894இல் இறந்த எலனர் நைட் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் கல்லறைக்கு மட்டும் வெகுநேரம் ஒதுக்கினார். தேவாலயம் கட்டும் முன்பே வந்துவிட்ட கல்லறைத் தோட்டம் அது, துயரமான கதைதான், மறுக்கவில்லை. அதே காலத்தில் காடு வெட்டி, காய்ச்சலில் போன எங்கள் ஆட்களுக்கு ஒரு கல் எங்கே என்று யாராவது சொன்னால் அங்கேயும் கொஞ்சம் நிற்கலாம்.

இதையெல்லாம் அறிந்தவர் ஜீப் ஓட்டிய பெரியவர். கங்காணி ஊர் ஊராகப் போய் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்ததையும், மதுரைப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் இருந்து வந்த குடும்பங்கள் சட்டி பானையோடு மலையேறியதையும், முன்பணக் கடன் சம்பளத்தைத் தின்றதையும், ஒரே கூரைக்கடியில் குடும்பத்துக்கு ஓர் அறை என்று லயம் கட்டியதையும், தன் பாட்டி சொன்னபடியே சொன்னார். பின் இருக்கையில் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு முன் இருக்கை கிடைத்தது வயதுக்குத் தந்த மரியாதை. நடத்துபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த ஒலிபெருக்கியை ஓட்டுநரிடம் கொடுங்கள்.

மதியச் சாப்பாடு சுமார், ஜீப் சுத்தம். மதியத்துக்குமேல் டாப் ஸ்டேஷனை மஞ்சு மூடிவிடும், ஆகவே காலைப் பயணத்தையே கேளுங்கள். நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம் இந்தச் சுற்றுலாவில் சேராது. தனியாகப் போய்ப் பாருங்கள். பெரியகானலில் கிடைத்த இரும்புக்கால ஈமத்தாழி, ரயில் எஞ்சினின் சக்கரம், 1913இல் திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்த சூரியக் கடிகாரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. திங்கட்கிழமை விடுமுறை.