ஐந்து தொன் இழுவைக் கயிறு: திருகோணமலையில் ஓராண்டு பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

சென்ற ஆண்டு தை மாதத்தில், திருகோணமலை நகரிலுள்ள வாகன உதிரிப்பாகக் கடையொன்றில், பழுதாகி நின்ற காரை இழுப்பதற்கான கயிறு ஒன்றை மூவாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கினேன். கயிறு என்று சொன்னாலும் அது நான்கு மீற்றர் நீளமும் இரண்டு விரல் அகலமும் கொண்ட மஞ்சள் நிறப் பட்டை. இரு முனைகளிலும் நழுவாமல் தடுக்கும் நாக்குடன் கூடிய இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. உறையின் மேல் "5 தொன்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்த ஓராண்டில் அதை மூன்று தடவை வெளியே எடுத்தேன். முதல் தடவை அது தன் வேலையைச் சரியாகச் செய்தது; இரண்டாந் தடவை எங்கள் அவசரத்தால் ஒரு காருக்குச் சேதம் வந்தது; மூன்றாந் தடவை கட்டுவதற்காக எடுத்து, கட்டாமலே சுருட்டி வைத்தேன். இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது அந்த மூன்றாவது தடவைதான்.

பொருளின் தரத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. தையல் நெருக்கமாக இருக்கிறது, கொக்கியின் நாக்கு இன்னும் தளரவில்லை, பட்டையின் நடுவில் தைத்திருக்கும் வெள்ளைத் துணி தூரத்திலிருந்தே தெரிகிறது. அந்தத் துணி அலங்காரத்துக்கு வைத்ததன்று. நம் தெருக்களில் ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து வருபவை. அந்த நாட்டில், பழுதான வாகனத்தைக் கயிற்றால் இழுக்கும்போது இரண்டுக்கும் இடையிலான தூரம் 5 மீற்றருக்கு மேற்படக்கூடாது என்றும், கயிற்றின் நடுவில் 30 சென்றிமீற்றர் சதுர வெள்ளைத் துணி தொங்க வேண்டும் என்றும் சட்டமே இருக்கிறது. இரண்டு கார்களுக்கும் நடுவே புகுந்து கடக்கப் பார்க்கும் மோட்டார்சைக்கிள்காரருக்கு அந்தத் துணிதான் எச்சரிக்கை.

என் குறை அந்த "5 தொன்" என்ற எழுத்தைப் பற்றியது. அதைப் பார்க்கும் எவரும், ஒரு தொன் காருக்கு ஐந்து மடங்கு பலம் இருக்கிறது, இனி என்ன பயம் என்றே நினைப்பார். சமதரையில் உருண்டு வரும் ஒரு தொன் காரை இழுக்கப் பதினைந்து இருபது கிலோ விசை போதும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அதனுடன் இன்னும் நூறு கிலோ சேரும். அந்த அளவுக்கு எந்தக் கயிறும் தாங்கும். ஆனால் கயிறு தொய்ந்து, முன்கார் மணிக்கு 10 கிலோமீற்றர் கூடுதல் வேகத்தில் போய்ச் சட்டென்று இறுகும்போது கணக்கு மாறிவிடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு தொன் எடையுள்ள இரண்டு கார்களை வைத்துக் கணக்கிட்டால், கயிறு 20 சென்றிமீற்றர் நீண்டு கொடுத்தாலும் அந்த வெட்டிழுப்பின் உச்சம் ஏறக்குறைய 2 தொன்னாகிறது. 5 சென்றிமீற்றர் மட்டுமே நீளும் இரும்புக் கம்பிவடமாக இருந்தால் 8 தொன்னை நெருங்குகிறது. அவ்வளவையும் பட்டை மட்டும் தாங்கினால் போதாது. கொக்கி மாட்டிய வளையமும், அந்த வளையம் பற்றியிருக்கும் தகடும் சேர்ந்து தாங்க வேண்டும். அவற்றில் எது விட்டாலும், இழுபட்டுச் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் கொக்கியோடு கண்ணாடியை நோக்கிப் பாயும். கயிறு இறுகும் நேரத்தில் அதன் அருகே எவரும் நிற்கக்கூடாது என்பதும், நடுவில் ஒரு கனத்த ஈரச்சாக்கைப் போட்டால் பாய்ச்சலின் வேகம் குறையும் என்பதும் இதனால்தான்.

கடற்றொழில் நகரமான இங்கே, இழுப்பதற்குத் தனியாக ஒரு பட்டை வாங்குவானேன், வள்ளத்துக் கயிறு போதாதா என்று கேட்பவர்கள் பலர். கேள்வி நியாயமானது, பதில் அது எந்தக் கயிறு என்பதைப் பொறுத்தது. நாம் எல்லாவற்றையும் "நைலோன் கயிறு" என்கிறோம். உண்மையான நைலோன் நீரில் அமிழும், நன்றாக நீண்டு கொடுக்கும். நீல நிறத்திலும் பச்சை நிறத்திலும் வரும் கயிறுகளில் பெரும்பாலானவை நீரில் மிதக்கும்; அவை பொலிபுறொப்பிலீன் அல்லது பொலிஎத்திலீன். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டாலே வேறுபாடு தெரிந்துவிடும். மிதக்கும் கயிறு வெயிலில் கிடக்கக் கிடக்க உள்ளூர உக்கி, கையால் தேய்த்தால் தூளாக உதிரும் நிலைக்கு வரும். கரையில் ஒரு கோடை முழுவதும் கிடந்த கயிற்றைக் காரில் கட்டுவது அறிந்தே ஆபத்தை வாங்குவதாகும். எந்தக் கயிறானாலும், முடிச்சுப் போட்ட இடத்தில் அதன் பலம் பாதியளவுக்குக் குறையக்கூடும். முடிச்சே தேவைப்படாத தைத்த முனைகள் இருப்பதால், இந்தப் பட்டைக்குக் கொடுத்த பணம் எனக்கு வீணாகப்படவில்லை.

முதல் தடவை அதைப் பயன்படுத்தியது என் பழைய மாருதி 800 காருக்கு. சாம்பல்தீவுப் பக்கம் எரிபொருள் வராமல் நின்றுவிட்டது. உப்புவெளியில் உள்ள கராஜுக்கு நான்கைந்து கிலோமீற்றர், பாதை சமதரை, நேரம் காலை ஏழு மணி, கார் கையால் கியர் மாற்றும் வகை, பிறேக்கிலும் ஸ்டியரிங்கிலும் எந்தக் குறையும் இல்லை. கயிறு போட்டு இழுக்கலாம் என்று சொல்ல இத்தனையும் ஒன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும். நண்பர் தன் வானில் முன்னே சென்றார். நான் காரில் தனியாக இருந்தேன். திறப்பைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதால், அதைத் திருப்பி "ஒன்" நிலையில் விட்டிருந்தேன். கியர் நியூட்ரலில் இருந்தது. நடந்து போவதைவிடச் சற்றே கூடிய வேகத்தில், ஒரு தடவைகூட வெட்டி இழுக்காமல் போய்ச் சேர்ந்தோம்.

அந்தக் குறுகிய பயணத்தில் நான் படித்த பாடம், பிறேக் போட வேண்டியவர் பின்னால் வருபவரே என்பது. முன்கார் 20 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், அது ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் கடக்கிறது. முன்னால் பிறேக் விளக்கு எரிவதைப் பார்த்துக் காலை மாற்றி மிதிக்க நமக்கு ஏறக்குறைய ஒரு செக்கன் ஆகும். இடைவெளியோ நான்கு மீற்றர். ஆகவே முன்னவர் வழமைபோல் பிறேக் போட்டால், பின்கார் அவருடைய பின்புறத்தில் முட்டாமல் தப்ப வழியில்லை. முன்னவர் நிறுத்த எண்ணும்போது முன்கூட்டியே கையைக் காட்ட, பின்னவர் மெல்ல மிதித்துக் கயிற்றைத் தொய்யவிடாமல் இரண்டு வாகனங்களையும் சேர்த்து மெதுவாக்க வேண்டும். இதை இருவரும் புறப்படுவதற்கு முன் பேசி வைக்காவிட்டால் கயிற்றைக் கட்டாமலிருப்பதே நல்லது.

பின்காரின் பிறேக் எப்படிப்பட்டது என்பதும் கயிற்றின் உறையில் எழுதப்படாத செய்தி. சாதாரண பெற்றோல் காரில், மிதிக்கும் நம் காலுக்குத் துணைசெய்வது என்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடமே. என்ஜின் நின்றபின் சேமிப்பில் மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று மிதிகளுக்கு மட்டுமே போதும். அதன்பின் மிதி கல்லாகிவிடும், முழுப் பலத்தோடு மிதித்தால்தான் கார் நிற்கும். பவர் ஸ்டியரிங்கும் அவ்வாறே கனத்துவிடும். வாசலில் நிறுத்திய காரில் என்ஜினை அணைத்துவிட்டு நான்கு தடவை பிறேக்கை மிதித்துப் பாருங்கள். அந்த வேறுபாட்டை உங்கள் கால் மறக்காது. அந்த மிதியோடு ஓர்ஸ்ஹில் இறக்கத்திலோ, கோணேசர் கோயிலிலிருந்து கோட்டை வாசலுக்கு இறங்கும் பாதையிலோ கயிற்றில் தொங்கி வருவதை நினைத்துப் பார்க்கவே நான் விரும்பவில்லை. இறக்கத்தில் கயிற்றுக்கு எந்த வேலையும் இல்லை; அது இழுக்குமே தவிர, தள்ளி நிறுத்தாது. பிறேக்கே பழுதான காரையோ, சக்கரமோ ஸ்டியரிங்கோ அடிபட்ட காரையோ கயிற்றால் இழுப்பதற்குச் சமதரையிலும் இடமில்லை.

இரண்டாந் தடவை என் மைத்துனரின் ஜப்பான் கார். கிண்ணியாவிலிருந்து வரும் வழியில் நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது, மாரி மழையும் தூறியது. முன் பம்பரின் அடியில் தென்பட்ட வளையம் ஒன்றில் கொக்கியை மாட்டினோம். புறப்பட்ட முதல் இழுப்பிலேயே அந்த வளையம் கோணி, பம்பரின் கீழ்ப்பகுதியைக் கிழித்துவிட்டது. கராஜ் வைத்திருக்கும் அண்ணர் அதைப் பார்த்ததும் எங்களைக் கடிந்துகொண்டார். கப்பலில் ஏற்றும்போது காரைக் கீழ்நோக்கிக் கட்டிவைப்பதற்கான வளையங்கள் பல கார்களில் இருக்கின்றன. அவை இழுப்பதற்கானவை அல்ல. இழுப்பதற்கான கொளுக்கி டிக்கிக்குள் ஜாக்கியோடு தனியாகக் கிடக்கும். பம்பரில் உள்ள சிறிய சதுர மூடியைக் கழற்றினால் அதைத் திருகிப் பொருத்தும் துளை தெரியும். மரை முடியும்வரை திருக வேண்டும். எங்கள் காரில் அது இருந்தது, நாங்கள்தான் தேடவில்லை. இதில் கயிற்றின் மீது நான் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் இதை விளக்கும் ஒரு சிறு படத்தையாவது தயாரிப்பாளர் உறையில் அச்சிட்டிருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது சம்பவம் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் நடந்தது. சித்தப்பாவின் ஹைபிரிட் கார் (பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் வகை) பின்னேரம் ஐந்தரை மணிக்கு உயிரற்று நின்றது. அந்த வீதியில் யானைகள் குறுக்கிடும் என்பதை இங்குள்ளோருக்குச் சொல்லத் தேவையில்லை. இருட்டுவதற்குள் எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்ற தவிப்பில் பட்டையை எடுத்து விரித்துவிட்டேன். கட்டுவதற்கு முன் கராஜ் அண்ணருக்கு அழைப்பு எடுத்தது எங்கள் நல்ல காலம். "தம்பி, ஹைபிரிட் என்றால் கயிற்றைத் தொடவே வேண்டாம். கரியரைக் கூப்பிடுங்கோ" என்றார். கரியர் என்பது காரைத் தட்டில் ஏற்றிக்கொண்டு போகும் லொறி.

காரணத்தை அவர் பின்னர் விளக்கினார். சாதாரண ஓட்டோமற்றிக் கியர்ப் பெட்டியில் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்பியை ஓட்டுவது என்ஜின். என்ஜின் நின்றிருக்கச் சக்கரங்கள் மட்டும் உருண்டால், நியூட்ரலில் இருந்தாலும் உள்ளே பாகங்கள் எண்ணெயின்றித் தேயும். அதனால்தான் சில கார்களின் கையேடுகள் குறைந்த வேகத்தில் குறுந்தூரம் மட்டும் அனுமதிக்கின்றன, சில முற்றாகவே தடுக்கின்றன. பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் முன்சக்கரங்கள் மின்மோட்டாரோடு நேரடியாகப் பிணைந்திருக்கின்றன. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கும், அதனால் உள்ளே சேதம் வரலாம், தீப்பற்றவும்கூடும். அவற்றின் முன்சக்கரங்களைத் தூக்கியோ, முழுக்காரையும் தட்டில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வகையென்றால் நான்கும் நிலத்தைவிட்டு எழும்ப வேண்டும். வெட்டைவெளியில் யானையோ லொறியோ வரும் வளைவில் நின்றுவிட்டால், சில மீற்றர் ஓரத்துக்கு நகர்த்துவது வேறு விடயம். அந்த இடத்தில் உயிர்தான் முதல். நாங்களும் தள்ளி ஓரங்கட்டிவிட்டு, எல்லோரையும் எங்கள் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு காத்திருந்தோம்.

கரியர் லொறி ஒன்றேகால் மணித்தியாலத்தில் வந்தது. சாரதியோடு வந்த இளைஞர், எதையும் தொடுவதற்கு முன் பற்றரியைப் பார்த்து, பூட்டியிருந்த கியரை விடுவித்து, லொறியின் வின்ச் (வடத்தைச் சுருட்டி இழுக்கும் பொறி) வடத்தைச் சரியான கொளுக்கியில் மாட்டி, ஆமை வேகத்தில் தட்டில் ஏற்றினார். ஏற்றியபின் நான்கு சக்கரங்களையும் பட்டைகளால் தனித்தனியே கட்டினார். கேட்ட தொகை கயிற்றின் விலையைப்போல் பல மடங்கு என்பது உண்மை. ஹைபிரிட் கியர்ப் பெட்டியின் விலையை அறிந்தவர்களுக்கு அது அதிகமாகத் தெரியாது. மறுநாள் கராஜில் கண்ட பழுது, ஹைபிரிட்டின் பெரிய பற்றரியைத் தவிர உள்ள சிறிய 12 வோல்ற் பற்றரி இறந்திருந்தது மட்டுமே. புதியதை மாற்றியதும் கார் இயங்கியது.

ஆகவே இந்தப் பட்டையை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கையால் கியர் மாற்றும் கார் வைத்திருப்பவர்கள், இழுக்கும் வாகனம் பின்காரைவிட இலேசானதாக இல்லையென்றால், பகல் நேரச் சமதரையில் நாலைந்து கிலோமீற்றருக்கென்று வாங்கலாம், கொடுத்த பணத்துக்கு நல்ல பொருள். ஓட்டோமற்றிக் வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டில் இழுத்தல் பற்றிய பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தை வைத்திருந்து, காப்புறுதியில் கரியர் சேவை அடங்குகிறதா என்று இன்றே கேட்டுக்கொள்ளட்டும். மாரி மழைக்காலத்தில் நனைந்த பட்டையை நிழலில் உலர்த்தி, கொக்கியருகே தையல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பின்பே சுருட்டி வைக்கிறேன். சென்ற கிழமை பார்த்தபோது ஒரு முனையில் இரண்டு நூல்கள் எழும்பியிருந்தன. அந்த முனையைத் திருத்தித் தைக்காமல், புதிய பட்டை ஒன்று வாங்கப் போகிறேன்.