ஐட்லிங் நடுக்கமும் ஓபிடி ரீடரும்: பழைய வண்டியில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: போனோடு ப்ளூடூத்தில் இணைகிற ஓபிடி ரீடர் (வண்டியின் சோதனை சாக்கெட்டில் மாட்டி எரர் கோடு படிக்கும் கருவி) வாங்கினால், ஐட்லிங் நடுக்கத்துக்கு, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது என்ஜின் நடுங்குவதற்கு, காரணம் தெரிந்துவிடுமா? சிலிண்டருக்கு ஒரு காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) இருக்கிற நாலு சிலிண்டர் வண்டிகளில் பல வருடம் மாட்டிப் பார்த்த பிறகு என் பதில்: எந்த சிலிண்டர் என்று தெரியும், எந்தப் பாகம் என்று தெரியாது. இந்த இடைவெளியில்தான் ஆளாளுக்குக் காசை விடுகிறார்கள்.

ரீடர் மேல் எனக்குத் தீராத எரிச்சலும் அதனால்தான். பி0303 என்று எரர் கோடு வந்ததும் ஆப் அதன் கீழே "ஸ்பார்க் பிளக், காயில்" என்று போட்டுவிடும். உடனே நாலு பிளக்கும் நாலு காயிலும் மாற்றப்படும். நடுக்கம் அப்படியே இருக்கும். ஈசியூவுக்கு (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) பிளக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிராங்க் சென்சார் வழியாக கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) சுற்றுகிற வேகத்தைத்தான் கவனிக்கிறது. 750 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டரும் சேர்ந்து வினாடிக்கு 25 முறை எரிய வேண்டும். மூன்றாம் சிலிண்டரின் முறை வரும்போது கிராங்க் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் பி0303. தீப்பொறி இல்லையா, பெட்ரோல் வரவில்லையா, கம்ப்ரெஷன் இல்லையா என்று இந்த வேகத்தை வைத்து அதற்குத் தெரிய வழியே இல்லை. பி0300 மட்டும் வந்தால், மிஸ்ஸிங் (சிலிண்டர் எரியாமல் விடுவது) ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை என்று அர்த்தம். அப்போது காயிலை விட்டுவிட்டு எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காற்று, பெட்ரோல் அழுத்தம், ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வ்) பக்கம் போங்கள்.

ஒரே சிலிண்டரைக் காட்டினால் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. மூன்றாம் காயிலை ஒன்றாம் சிலிண்டரிலும் அங்கிருந்ததை மூன்றிலும் போட்டு, எரர் கோடை அழித்துவிட்டு, மிஸ்ஸிங் வருகிற அதே சூட்டில் ஓட்டுங்கள். பி0301 வந்தால் காயில்தான். வராவிட்டால் அடுத்து பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் பாகம்). ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் நடுக்கம் இடம் மாறினாலும் எது கெட்டது என்று தெரியாது. இன்ஜெக்டரைக் கழற்றினால் ஓ-ரிங் புதிதாகப் போட வேண்டும். அதனால் முதலில் கனெக்டரை எடுத்து ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். இந்த வகை இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்டும். மற்ற மூன்றிலிருந்து ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அதைச் சந்தேகப்படலாம்.

பிளக்கை என்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடும். கழற்றியதும் முனையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாமல், வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். மேலிருந்து இரும்பு உடல் வரை பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கருப்புக் கோடு ஓடினால், தீப்பொறி உள்ளே போகாமல் அந்த வழியில் தாவிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்தால் அது போகாது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே தடம் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால், பழைய ரப்பர் புது பிளக்கிலும் அதே கோட்டைப் போட்டுவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுவது இந்த ஓர் இடத்தில் நியாயம். பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் வால்வ் கவரின் டியூப் சீல் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது காயில் போடுவது வீண்.

இனி நல்லதைச் சொல்கிறேன். எதிர்பாராத பலன் கிடைத்தது ஃப்யூயல் ட்ரிம் எண்களில், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கில். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்; சரியாக ஓடும் வண்டியில் பொதுவாக கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் நிற்கும். சூடான என்ஜின் ஐட்லிங்கில் +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் +4-க்கு இறங்கினால் ஏர் லீக். ஓட்டை வழியாக வருகிற காற்று ஐட்லிங்கில் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்து காற்று வெள்ளமாக வரும்போது அது கணக்கிலேயே வராது. பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் புகையை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங் என்ற வரிசையில் தேடுங்கள். துணி சுற்றிய பிளையரால் ஹோஸை நெருக்கும்போது ட்ரிம் சட்டென்று விழுந்தால் அந்த ஹோஸின் வழியில்தான் லீக். ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் விஷயம் வேறு: பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், இல்லையென்றால் உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. இரண்டு எண்ணில் இவ்வளவு தெரிவது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் இந்த எண் இரண்டு இடத்தில் ஏமாற்றும். ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேப் சென்சாரில் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) ஓடுகிற என்ஜினில் லீக் இருந்தாலும் ட்ரிம் அவ்வளவாக அசையாது. ஐட்லிங் ஆர்பிஎம்தான் ஏறி நிற்கும். இன்னொன்று, மிஸ்ஸிங்கே ட்ரிம்மை ஏற்றிவிடும். எரியாத சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே வெளியேறுவதைப் பார்த்து, பெட்ரோல் குறைவு என்று ஆக்சிஜன் சென்சார் சொல்ல, ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். காயில் கெட்ட வண்டியில் ஏர் லீக் தேடி அலைவது இதனால்தான். காயில் சோதனையை முதலில் முடித்துவிட்டு ட்ரிம்மைப் பாருங்கள்.

ரீடரோடு கே-லைன் என்ற பழைய கம்பியில் பேசும் வண்டிகளில் தகவல் வேகம் வெறும் 10.4 கேபிபிஎஸ். ஆறேழு அளவுகளைத் திரையில் வைத்தால் இழுத்து இழுத்து வரும். ஆர்பிஎம்மும் இரண்டு ட்ரிம்மும் போதும். சிலிண்டர்வாரியாக மிஸ் எண்ணிக்கை தரும் மோட் 06 என்ற பகுதி, கேன் என்ற வேகமான இணைப்புள்ள புது வண்டிகளில்தான் ஒழுங்காகப் பயன்படுகிறது. அழிக்கும் பட்டனைத் தொடும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன சூட்டில், என்ன ஆர்பிஎம்மில் மிஸ்ஸிங் வந்தது என்ற பதிவு எரர் கோடோடு சேர்ந்து அழிந்துவிடும். வேலை முடிந்ததும் ரீடரைக் கழற்றிவிடுங்கள். சாவி எடுத்த பிறகும் 16-ஆம் பின்னில் பேட்டரி கரண்ட் இருக்கும்.

ரீடருக்குக் கண்ணே இல்லாத இடம் டேப்பட், அதாவது வால்வை அழுத்தும் பாகத்துக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இடைவெளி. இந்த இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லாத என்ஜின்களில், அதுவும் சிஎன்ஜி, எல்பிஜி கேஸில் ஓடும் வண்டிகளில், எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்குள் இறங்கி கிளியரன்ஸ் (அந்த இடைவெளி) இறுகிவிடும். குளிரில் நன்றாக ஓடும். சூடானதும் வால்வ் நீண்டு முழுதாக மூடாமல் ஐட்லிங் நடுங்கும். 2000 ஆர்பிஎம்முக்கு மேல் சரியாகிவிடும். தளர்ந்த டேப்பட் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், இறுகியது சத்தமே இல்லாமல் வால்வைக் கருக்கும். மேனிஃபோல்டில் வேக்கூம் கேஜ் (உள்ளே காற்று இழுபடும் அளவைக் காட்டும் மீட்டர்) மாட்டினால் இது தெரிந்துவிடும். நல்ல என்ஜினில், கடல்மட்ட உயரத்தில், ஐட்லிங்கில் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். வால்வ் மூடாத என்ஜினில் அந்த சிலிண்டரின் முறைக்கு முறை முள் வெட்டி விழுந்து எழும்.

பிறகு கம்ப்ரெஷன் பாருங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, காயில், இன்ஜெக்டர் இணைப்புகளை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சுற்றவிட வேண்டும். மிகக் குறைந்த அளவு மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்.

டாஷ்போர்டில் செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் இதில் எதற்கும் காத்திருக்காமல் வண்டியை ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

ட்ரிம்முக்காக மட்டுமே இந்த ரீடருக்குப் பத்துக்கு எட்டு தருவேன். ஆனாலும் உங்களுடையது கே-லைன் வண்டி, கையில் ஒரு கருவிக்குத்தான் காசு என்றால், வேக்கூம் கேஜை வாங்குங்கள்.