சின்னுவின் வயிற்றுக்கு ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும்: கோத்தகிரியிலிருந்து போய் வந்த அனுபவம்

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். சின்னு எங்கள் வீட்டு நாட்டு நாய், ஆறு வயது. சித்திரையில் 19 கிலோ இருந்தவள், ஆடி பிறக்கும்போது 15 கிலோவுக்கு வந்துவிட்டாள். வாரத்தில் மூன்று நாள் வாந்தி, மற்ற நாட்களில் தண்ணீராகக் கழிச்சல். முதலில் காட்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு ஊசி, ஒரு சிரப். இரண்டு நாள் கேட்கும், மூன்றாம் நாள் பழையபடி ஆரம்பித்துவிடும். எட்டு தடவை போனோம். ஒரு தடவைகூட மலத்தைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் குன்னூரில் ஸ்கேன் வசதி உள்ள ஒரு டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். வந்ததும் ஸ்கேனில் படுக்க வைக்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது. மலம், ரத்தம் இரண்டையும் பார்த்துவிட்டு, மூன்று வாரத்துக்குச் சின்னு இதுவரை தின்னாத சாப்பாடாகக் கொடுக்கச் சொன்னார். கோழியும் முட்டையும் தின்று வளர்ந்தவள் என்பதால் மத்தி மீனும் நம்ம ஊர் உருளைக்கிழங்கும் மட்டும். உப்பு கிடையாது, பிஸ்கட் ஒன்றுகூடக் கிடையாது. நாள்பட்ட வயிற்றுக் கோளாறு உள்ள நாய்கள் நிறைய, சாப்பாட்டை மாற்றினாலே தேறிவிடுமாம். சின்னுவுக்குக் கழிச்சல் குறைந்தது, வாந்தி நிற்கவில்லை.

அதனால் ஸ்கேன். மயக்க மருந்து கொடுக்கவில்லை. வயிற்று முடியை வழித்து, ஜெல் தடவி, மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நானும் வீட்டுக்காரரும் காலைப் பிடித்துக்கொண்டோம், அரை மணி நேரம். குடலின் சுவர் அடுக்கடுக்காக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறிக் கோடுகள். மேல் துணி, கேன்வாஸ், லைனிங் என்று பார்த்துப் பழகிய கண், சட்டென்று பிடிபட்டுவிட்டது. இரைப்பையை ஒட்டிய சிறுகுடலின் சுவர் இந்த அளவு நாய்க்கு 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். சின்னுவுக்கு 7. ஆனால் அடுக்குகள் கலையவில்லை. கலைந்துபோய் ஒரே கறுப்பாகத் தெரிந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் கூடும், அடுக்கு அப்படியே இருந்து தடித்திருந்தால் அழற்சியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். அதோடு விடாமல் இதையும் சொன்னார்:

"அக்கா, தடிச்சிருக்குன்னு என்னால சொல்ல முடியும். ஏன் தடிச்சிருக்குன்னு ஸ்கேன் சொல்லாது. இரைப்பைக்குள்ள காத்து இருக்கு, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் தெரியல."

1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே போகலாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பதுதான் எண்டோஸ்கோப்பி. அதற்குக் கோயம்புத்தூர்தான் போக வேண்டியிருந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாடு கொடுக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினோம். மலை இறங்கினதும் நாக்கைத் தொங்கப்போட்டாளே என்று கொஞ்சம் தண்ணீர் காட்டினேன். அது தப்பாம். வயிற்றில் எதுவும் இருக்கக்கூடாது, மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். போனில் 'சாப்பாடு கொடுக்காதீங்க' என்றார்களே தவிர, தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். யாராவது போவதாக இருந்தால் தண்ணீரை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை சுத்தம். முழு மயக்கம், தொண்டையில் மூச்சுக்குழாய், இதயத் துடிப்பைப் பார்க்கத் தனியாக ஒருவர். கண்ணாடிக்கு வெளியே நின்று டிவியில் பார்க்கவிட்டார்கள். கேமராக் குழாய் இரைப்பைக்குள் இறங்கியதும் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை நாடா. பாவாடைக்குக் கோக்கிற நாடா, என் கடையில் வெட்டிப்போட்டது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. குழாய் வழியாகவே ஒரு மெல்லிய இடுக்கியை விட்டு அதை வெளியே இழுத்துவிட்டார்கள், கத்தி படாமல். இந்த மாதிரி நாடா, நூல் எல்லாம் ஒரு முனை மேலே சிக்கிக்கொள்ள, மறு முனை குடலுக்குள் இறங்கினால், குடல் சுருக்கு வைத்த துணி மாதிரிக் கொசுவிக்கொண்டு அறுபட்டுவிடுமாம். ஸ்கேனில் காற்று மறைத்தது இதைத்தான்.

ஆனால் டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. "நாடா வாந்திக்குக் காரணமா இருக்கலாம்மா, சுவர் தடிச்சதுக்கு அது காரணம் இல்ல" என்று சொல்லி, இரைப்பையிலும் சிறுகுடலிலும் அரிசி மணியைவிடச் சின்னதாகப் பதினான்கு துண்டுகளை லேபில் பரிசோதிக்க எடுத்தார். இதற்கும் எல்லை உண்டு. குழாய் சிறுகுடலின் முதல் பகுதி வரைதான் போகும், நடுக்குடலை எட்டாது. இடுக்கி கிள்ளுவதும் உள் அடுக்கை மட்டும்தான். வெளி அடுக்கை ஸ்கேனில்தான் பார்க்க முடியும். அதனால்தான் குன்னூர் டாக்டர் ஸ்கேன் படங்களைக் கையோடு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

ரிப்போர்ட் ஒன்பது நாளில் வரும் என்றார்கள், பதினைந்து நாள் ஆனது. இரண்டு தடவை நான்தான் போன் போட்டேன். நாள்பட்ட குடல் அழற்சி, புற்றுநோய் இல்லை. படித்துச் சொன்ன அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். மயக்கம், லேப் எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய், தீபாவளித் தையல் கூலியில் பெரும்பகுதி அதற்கே போனது. அவ்வளவு பணம் இல்லாதவர்கள் மலப் பரிசோதனையையும் சாப்பாட்டு மாற்றத்தையும் முதலில் ஒழுங்காக முடித்துப் பாருங்கள், அதற்குச் செலவு குறைவு.

இன்னொரு விஷயம், மலையில் இருப்பவர்களுக்கு. வழித்த வயிற்றில் முடி முளைக்க வாரக்கணக்கில் ஆகும். நம்ம குளிருக்கு அவள் சுருண்டு சுருண்டு படுத்தாள். ஃபிளானல் துணியில் நாலு நாடா வைத்து ஒரு வயிற்றுச் சட்டை தைத்துப் போட்டேன். அவள் கடிக்க முடியாதபடி முடிச்சை முதுகுப் பக்கம் வைத்தேன்.

இப்போது ஸ்டீராய்டு மாத்திரை படிப்படியாகக் குறைகிறது, பி12 ஊசி வாரம் ஒன்று. அதே மீனும் கிழங்கும், சத்துக் குறையாமல் இருக்க டாக்டர் கொடுத்த பொடியும். நேற்று எடை 17.8 கிலோ. தையில் மறுபடியும் ஸ்கேன். சுவர் எத்தனை மில்லிமீட்டருக்கு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.