ரெஸ்லிங் கார்ட் பெட்டி: இரண்டு ஜோன் சீனா, ரிக் ஃப்ளேர் இல்லை

ஹட்டன் டவுனில் ரெஸ்லிங் கார்ட் பெட்டியை விலை குறைத்துப் போட்டிருக்கிறார்களாம். "உன்கிட்டதான் ரொம்ப நாளா இருக்கே மச்சான், புள்ளைகளுக்கு வாங்கலாமா?" என்று கொழும்பில் வேலை செய்கிற கூட்டாளி ஒருத்தன் கேட்டிருக்கிறான். வாங்கு, வாங்காதே என்று ஒரு சொல்லில் முடிகிற கேள்வி இல்லை. இந்தப் பெட்டி மேல் எனக்குப் பாசமும் உண்டு, கடுப்பும் உண்டு. கடுப்பு கொஞ்சம் கூட.

பெட்டி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேலே படம், கீழே ரேங்க், உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ். யார் அச்சடித்தது என்று எங்கேயும் இல்லை. டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த முகங்கள்தான் உள்ளே.

எண்ணைச் சொல்லி அடித்து கார்டைப் பிடுங்குகிற ஆட்டத்தை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். எங்கள் தோட்ட லயத்தில் இது ஆள் பிரிக்கிற கார்ட். இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் விறாந்தையில், பாயை விரித்து, எல்லாக் கார்டையும் முகம் தெரியப் பரப்பி, சீட்டுக் குலுக்கி, வரிசையாக ஒவ்வொருத்தரைத் தூக்க வேண்டும். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றை ஆரம்பிப்பார். அப்புறம் அவரவர் ஆட்களை வைத்து ஒரு ஷோ எழுத வேண்டும்: யாரோடு யார் மோதுவது, யார் யாருக்கு முதுகில் கதிரையால் அடிப்பது. யாருடைய கதை நன்றாக இருக்கிறதோ அவருக்குக் கை தூக்குவோம். சின்னப் பிள்ளைகள் மூன்று ஆளை எடுத்தால் பெரியவர்களுக்கு இரண்டுதான். இது டபிள்யூ.டபிள்யூ.இ. ரெஸ்லிங் கம்பெனி தன் ரோ, ஸ்மாக்டவுன் என்ற இரண்டு டி.வி. நிகழ்ச்சிகளுக்கு ஆள் பிரித்த 2016 டிராஃப்டில் இருந்து எடுத்த கணக்கு. ரோ அப்போது மூன்று மணி நேர நிகழ்ச்சி, ஸ்மாக்டவுன் இரண்டு மணி நேரம் என்பதால் அன்று ரோவுக்கு மூன்று, ஸ்மாக்டவுனுக்கு இரண்டு என்று பிரித்தார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு குழுவின் எல்லாக் கார்டும் பாயில் கிடந்தால் முழுக் குழுவையும் ஒரே தடவையில் அள்ளலாம். 2002 மார்ச் 25 அன்று நடந்த முதல் டிராஃப்டைப் பார்த்து வைத்த சட்டம் இது. ஸ்மாக்டவுனுக்குக் கம்பெனி முதலாளி வின்ஸ் மெக்மேன் முதலில் ரொக்கை எடுத்தார். ரோவுக்குப் பழைய சாம்பியன் ரிக் ஃப்ளேர் அண்டர்டேக்கரை எடுத்தார், அதற்கு அடுத்த தடவை என்.டபிள்யூ.ஓ. என்ற குழுவை அப்படியே கொத்தாகத் தூக்கினார். அதே இரவில் டட்லி சகோதரர்களைப் பிரித்து பப்பா ரேயை ஒரு பக்கமும் டி-வோனை மறுபக்கமும் தள்ளினார்கள். ரசிகனுக்கு எது இனிக்கும், எது வலிக்கும் என்பதற்கு அந்த ஒரு இரவு போதும். தனி ஆளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். குழுவை உடையாமல் கொண்டுவருவதில்தான் ருசியே இருக்கிறது.

என் வயிற்றெரிச்சலும் இங்கேதான். குழுவைக் கொத்தாகத் தூக்கலாம் என்று காட்டின அந்த ரிக் ஃப்ளேருக்கு இந்தப் பெட்டியில் கார்டே இல்லை. ட்ரிபிள் எச் இருக்கிறார், பட்டிஸ்டா இருக்கிறார், ராண்டி ஓர்ட்டன் இருக்கிறார். நாலாவது ஆள் ஃப்ளேர் இல்லாததால், இந்த நாலு பேர் குழுவான எவலூஷனை ஒரு நாளும் முழுசாக எடுக்க முடிந்ததில்லை. சரி, இடம் போதவில்லை போல என்று விட்டுவிடலாம் என்றால், ஜோன் சீனா இரண்டு தடவை இருக்கிறார்! ஒன்றில் ரேங்க் 3, மற்றதில் 17. ஒரே மனிதன், இரண்டு நெஞ்சளவு. மாற்றிக் கேட்கப் போனபோது, "ரெண்டு சீனான்னா லாபம்தானே தம்பி" என்று கடைக்காரர் சிரித்தார். ஃப்ளேரின் 16 உலகப் பட்டக் கணக்கைச் சீனா 2025 ஏப்ரலில் ரெஸில்மேனியாவில்தான் தாண்டினார். என் பெட்டியில் அதற்கு வெகு காலம் முன்பே ஃப்ளேரை ஆளே இல்லாமல் ஆக்கிவிட்டார்.

ஃப்ளேர் இல்லாததால் வருகிற சண்டை அதோடு நிற்காது. ட்ரிபிள் எச் கார்ட் ஒன்றுதான். எவலூஷனுக்கும் அவர் வேண்டும், ஷோன் மைக்கல்ஸோடு சேர்த்து டி-ஜெனரேஷன் எக்ஸ் குழுவுக்கும் அவர் வேண்டும். தம்பி எப்போதும் மைக்கல்ஸையும் ட்ரிபிள் எச்சையும் ஒன்றாக இழுத்து, "இது ஒரு எடுப்புதான்" என்பான். என் பக்கம் எவலூஷன் அரைகுறை என்பதால் சட்டம் எனக்கு உதவாது. மருமகன் இன்னும் மோசம். நான் ஹோகன், நாஷ், ஹோல் மூன்றையும் சேர்த்துக் கையை வைத்தால், "2002ல ஹோகன் தனியாத்தானே ஸ்மாக்டவுனுக்குப் போனாரு மாமா" என்பான். பேச்சு சரிதான், அதுதான் எரிச்சல். இது மூன்று பேரும் ஒன்றாக இருந்த 1996 என்.டபிள்யூ.ஓ. என்று சொல்லித்தான் தப்பிப்பேன்.

ரேங்கை நம்பாதீர்கள். பைசெப்ஸ் பெரிதாக இருந்தால் ரேங்க் மேலே, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அதனால் ரே மிஸ்டீரியோ அடியில் கிடக்கிறார். முப்பது பேர் ஒவ்வொருத்தராக வந்து சேருகிற 2006 ராயல் ரம்பிள் போட்டியில் இரண்டாவது ஆளாக உள்ளே வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று ஜெயித்த மனிதர் அவர். அண்ணன் மகள் ரேங்கைப் பார்ப்பதே இல்லை. சீட்டில் எந்த இடம் விழுந்தாலும் அவளுடைய முதல் ஆள் மிஸ்டீரியோதான். கை தூக்குகிற நேரம் அவள் கதைதான் பாதி நாள் ஜெயிக்கிறது.

நியாயமாகச் சொன்னால், கார்டின் உழைப்பில் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து மழையில் சுவரே வியர்க்கும். தென்மேற்குப் பருவம் தொடங்கினால் அலுமாரியில் இருக்கிற சட்டை பூஞ்சணம் பிடிக்கும். இந்த கார்ட் அட்டை ஊதியது, ஓரத்தில் பிளாஸ்டிக் பூச்சு கொஞ்சம் உரிந்தது, ஆனால் படம் போகவில்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் முகப்பவுடரைத் தூவி உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்தால் மறுபடி வழுக்கும். பெட்டி உடைந்துபோய், இப்போது பிஸ்கட் டின்னில் அடியில் ஒரு பிடி அரிசி போட்டு வைத்திருக்கிறோம். பாயில் பரப்பும்போது ரெஸ்லர் கிரேட் காளியின் கழுத்தில் எப்போதும் ஒரு அரிசி ஒட்டியிருக்கும்.

தீபாவளி லீவுக்குக் கொழும்பிலிருந்து வருகிற பெடியன்கள் போனைக் கீழே வைத்துவிட்டு பாய்க்கு வந்து உட்காருகிறார்கள் என்றால் அதற்கும் இந்தக் கார்ட்தான் காரணம். மழையில் கரண்ட் போனாலும் மெழுகுதிரியில் ஆள் பிரிப்பு நடக்கும். இதைவிட அதிகமாகச் சிரிக்க வைத்த பொருள் எங்கள் வீட்டில் இல்லை.

ஆனாலும் வாங்காதே மச்சான். விலை பாதியானாலும் வாங்காதே. எவலூஷனைச் சேர்க்க முடியாத பெட்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒருவேளை என் பேச்சைக் கேட்காமல் வாங்கிவிட்டால், உன் பெட்டியில் ஃப்ளேர் இருக்கிறாரா என்று பார்த்து உடனே சொல். ரேங்க் 3 சீனாவைத் தருகிறேன், காளியையும் சேர்த்துத் தருகிறேன். போதாதென்றால் பிக் ஷோவும் உனக்குத்தான். மிஸ்டீரியோவை மட்டும் கேட்காதே, அதற்கு அண்ணன் மகளிடம்தான் பேச வேண்டும், அவள் தர மாட்டாள்.