டீடாக்ஸ் ஜூஸா, வீட்டுச் சாப்பாடா?

மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடித்தால் உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறிவிடும் என்று கோலாலம்பூரில் பாட்டில் பாட்டிலாக விற்கிறார்கள். இன்னொரு பக்கம் சௌகிட் பசாரில் வாங்கிய கீரை, நெத்திலி, பருப்பு என்று நம் வழக்கமான சாப்பாடு. ரசாயனத்தைத் தாங்க உடம்புக்கு எது துணை? என் ஓட்டு சாப்பாட்டுக்குத்தான்.

முதலில் ஈயத்தைப் பார்ப்போம். பழைய பெயின்ட், பேட்டரி வேலை, சில நாட்டு மருந்துகள் வழியாக அது உடம்புக்குள் வரும். குடலில் இரும்புச்சத்தை உள்ளே கொண்டுபோகும் அதே புரதம் ஈயத்தையும் ஏற்றிக்கொள்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் அந்தப் புரதம் பெருகும், ஈயமும் கூடுதலாக நுழையும். கால்சியம் குறைந்தாலும் இதே கதைதான். அதோடு, சாப்பாட்டோடு போகும் ஈயத்தைவிட வெறும் வயிற்றில் போவது பல மடங்கு அதிகமாக உறிஞ்சப்படுகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு இன்னும் அதிகமாக உறிஞ்சும். அதனால்தான் காலையில் பிள்ளையைப் பட்டினியாக அனுப்புவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஜூஸ் விரதமும் வயிற்றைக் காயத்தானே போடுகிறது?

சரி, ஜூஸ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சீனாவின் சிடோங் பகுதியில் சுமார் 300 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. புரோக்கோலி முளை பானத்தை 12 வாரம் குடித்தவர்களின் சிறுநீரில், புகையோடு உள்ளே போன பென்சீன் 61% கூடுதலாக வெளியேறியது. பெடரல் நெடுஞ்சாலைப் புகையில் தினமும் மோட்டாரில் போகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைக் குடிக்கவில்லை. பென்சீனைப் பிடித்து வெளியேற்றும் குளுடாதயோனை உடம்பு புரதத்திலிருந்துதான் செய்கிறது. முட்டையும் பருப்பும் இல்லாத மூன்று நாளில் அதற்கு மூலப்பொருள் எங்கே? முட்டைக்கோஸ், சாவி கீரை எல்லாம் புரோக்கோலியின் உறவுதான். நறுக்கிச் சற்று வைத்திருந்து லேசாக வதக்கினால் போதும். குழைய வேகவைத்தால் பலன் குறைந்துவிடும்.

அப்புறம், சாப்பாட்டோடு தே தாரிக் வேண்டாம், இரும்புச்சத்து சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பேட்டரி வேலை செய்கிறவர்கள் இரத்தத்தில் ஈய அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏற்கெனவே ஏறியதைச் சாப்பாட்டால் இறக்கிவிட முடியாது. இரும்பு மாத்திரையையும் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகே தொடங்குங்கள்.