மணல் எடுக்கப் போறாக்கள் காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ

முப்பதாயிரம் ரூபா! பட்டப்பகலில, சீட்டுத் தந்து, "நன்றி அண்ணை" எண்டு சொல்லி எடுத்துக்கொண்டு போட்டாங்கள். பேரைப் போட்டா வழக்கு எண்டு வெருட்டுவாங்கள், அதால போடேல்ல. கட்டடச் சாமானுக்கு ஒன்லைனில ஓடர் எடுத்து வாசலில இறக்கிற ஒரு இடம், அவ்வளவுதான்.

கொக்குவில் வீட்டுக் குசினியைப் பெருப்பிக்க மூண்டு கியூப் மணல் தேவைப்பட்டுது (ஒரு கியூப் எண்டா 100 கன அடி). கியூப் 30,000, மொத்தம் 90,000 எண்டு பேச்சு. போனில கதைச்ச பெடியன், "அண்ணை, மற்றவங்கள் டிப்பர் பெட்டியைக் காட்டிச் சுத்துவாங்கள். நாங்கள் தராசில நிறுத்து, சீட்டோட தாறம். நிறையில என்னண்டு கள்ளம் செய்யிறது?" எண்டான். எனக்கு அந்தக் கதை நல்லாப் பிடிச்சுப் போச்சு. இஞ்ச எந்த டிப்பர்காரன் சீட்டோட வாறவன்? மணலைப் பறிச்சவுடன சீட்டை நீட்டினாங்கள். வடிவா அச்சடிச்சிருந்தது: 8.5 தொன், கீழ "3 கியூப்". கையெழுத்து வைச்சு, அதிலயே நிண்டு முழுக்காசையும் மாத்திவிட்டன்.

பிறகு மேசன் அண்ணை வந்தார். குவியலைச் சுத்தி ஒருக்கா நடந்திட்டு, "தம்பி, இது ரெண்டுக்கு மேல வராது" எண்டார்.

8.5 தொன் எப்பிடி மூண்டு கியூப் ஆனது? ஒரு கியூப், அந்த 100 கன அடி, 2.83 கன மீற்றர். உவங்கள் ஒரு கன மீற்றருக்கு ஒரு தொன் எண்டு போட்டிருக்கிறாங்கள். அது தண்ணிக்கடா! மணலுக்கில்லை. பத்து லீற்றர் பெயின்ற் வாளியில காய்ஞ்ச மணலைத் தலைதட்டி நிறுத்துப் பாத்தம், வாளி நிறை கழிச்சு 15 கிலோ. அதே வாளியில தண்ணி எண்டா 10 கிலோ. அப்ப மணல் கன மீற்றருக்கு ஒண்டரைத் தொன், கியூப்புக்கு நாலேகால் தொன். மூண்டு கியூப் எண்டா பன்னிரண்டே முக்காலுக்குக் கிட்ட வந்திருக்கவேணும். வந்தது எட்டரைத் தொன், ரெண்டு கியூப்தான். வந்த மணலில தண்ணி வேற வடிஞ்சுகொண்டிருந்தது, அந்தத் தண்ணியும் சீட்டு நிறைக்குள்ளதான். திணிவைக் கனவளவால பிரிச்சா அடர்த்தி எண்டு ஓ/எல் பிள்ளையளுக்கே தெரியும், தராசு வைச்சு யாவாரம் செய்யிறவனுக்குத் தெரியாதாம்.

போன் எடுத்தா, "ஓட்டத்தில மணல் அமுங்கியிருக்கும் அண்ணை." அமுங்கினா நிறை குறையுமோடா? அடுத்தது, "சிஸ்டத்தில அப்பிடித்தான் இருக்கு, எங்களால மாத்தேலாது." பிறகு மேனேஜர் எண்டு ஒருத்தர் வந்து, "நீங்கள் கையெழுத்து வைச்சிட்டியள்தானே, தம்பி" எண்டு ஆறுதலாச் சொல்லுறார். 30,000 ரூபாக்கு அதுதான் பதில். வாளிப் படத்தை வட்ஸ்அப்பில அனுப்பினன். பாத்திட்டு நம்பரை புளொக் பண்ணிப்போட்டாங்கள்.

என்ன செய்யவேணும் எண்டு விபரமா எழுதத்தான் வெளிக்கிட்டனான், கோவத்தில ஓடுதில்லை. கேளுங்கோ: மணலைப் பறிக்க முதல் பெட்டியின்ர நீளம், அகலம், மணல் நிக்கிற உயரம் மூண்டையும் அடியில அளந்து பெருக்கி நூறால பிரியுங்கோ, அதுதான் கியூப். நிறையில தாறம் எண்டா கியூப்புக்கு நாலு தொன்னுக்குக் குறைய எடுக்காதேங்கோ. லேசா ஈரப்பட்ட மணல் பொம்மிக் கனவளவு கூடக் காட்டும், ஏலுமெண்டா காய்ஞ்சதா எடுங்கோ. அளந்து இறக்கி முடியுமட்டும் முழுக்காசு குடுக்கவே வேண்டாம். சமையல் எண்ணெய் எடுக்கிறாக்கள் மற்றப் பக்கமாப் பாருங்கோ, அது தண்ணியைவிட லேசு, ஒரு லீற்றர் 920 கிராம் அளவுதான் வரும், கிலோக் காசை வாங்கி லீற்றரில அளப்பாங்கள்.

நுகர்வோர் அதிகார சபை நம்பர் 1977. நான் முறைப்பாடு குடுக்கப் போறன். உங்களிட்டயும் இதே மாதிரி "தொன்" சீட்டு இருந்தா படம் எடுத்து இன்பொக்சில போடுங்கோ, சேர்த்துக் குடுப்பம்.